சட்ட நிறுவனத்தில் டிபிஓ பொறுப்பு: ஒப்புக்கொள்ளும் முன் எதைக் கேட்டு வாங்குவது, ஒப்புக்கொண்டபின் எங்கே சறுக்கும்?

கேள்வி: நீலமசி

வணக்கம். சுமார் 60 வக்கீல்கள் உள்ள நிறுவனம். வணிக வழக்குகள், தொழிலாளர் வழக்குகள், கொஞ்சம் குற்றவியல். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் எங்களுக்குப் பொருந்தும். அடுத்த மாதம் முதல் தரவுப் பாதுகாப்பு அலுவலர் (டிபிஓ) பொறுப்பையும் நீயே பார்த்துக்கொள் என்று நிர்வாக பார்ட்னர் சொல்லியிருக்கிறார். வழக்கு வேலை வழக்கம்போல் தொடருமாம். அதில் டிபிஓ பற்றிய 37, 38, 39 ஆகிய மூன்று பிரிவுகளையும் படித்துவிட்டேன். வாசிக்கும்போது தெளிவாகத்தான் இருக்கிறது, இங்கே எப்படிப் பொருந்தும் என்பதில்தான் தடுமாற்றம்.

1. வழக்கு நடத்திக்கொண்டே டிபிஓவாகவும் இருக்கலாமா? பணமோசடித் தடுப்பு அலுவலர் பதவியையும் சேர்த்துத் தரலாமா என்று வேறு பேசுகிறார்கள்.

2. எதிர்த்தரப்புக்காரர் எங்களுக்கே கடிதம் எழுதி, தன்னைப் பற்றி எங்களிடம் உள்ள தரவு எல்லாவற்றையும் கேட்டால்? கொடுத்தால் கட்சிக்காரர் சும்மா விடமாட்டார், கொடுக்காவிட்டால் சட்டம் விடாது.

3. மெயில் ஆள் மாறிப் போய்விட்டால் ஒவ்வொன்றையும் 72 மணி நேரத்துக்குள் அறிவித்தே ஆக வேண்டுமா?

4. முடிந்துபோன ஃபைல்களை எத்தனை வருடம் வைப்பது?

உள்வாசல்

உங்கள் முதல் கேள்விக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. உங்கள் நிறுவனத்துக்கு டிபிஓ கட்டாயமா? தனி வக்கீல் ஒருவர் தன் கட்சிக்காரர்களின் தரவைக் கையாள்வது "பெரிய அளவு" ஆகாது என்று ஜிடிபிஆர் முகவுரையின் 91ஆம் பத்தி சொல்கிறது. 60 வக்கீல், அதில் குற்றவியல், தொழிலாளர் வழக்குகளில் வரும் மருத்துவச் சான்றுகள், தொழிற்சங்க விவரம் என்றால் கதை வேறு. மருத்துவமும் சங்க உறுப்பினர் விவரமும் கூடுதல் பாதுகாப்புள்ள 9ஆம் பிரிவு, குற்றத் தண்டனை விவரம் 10ஆம் பிரிவு. இவை முக்கியத் தொழிலின் பகுதியாகப் பெரிய அளவில் வந்தால் 37(1)(c) பிடித்துக்கொள்ளும், டிபிஓ கட்டாயம்.

கட்டாயமா இல்லையா என்று அலசியதை இரண்டு பக்கத்தில் எழுதித் தேதியிட்டு வையுங்கள். கட்டாயமில்லை என்று முடிவானால் "டிபிஓ" என்ற பட்டத்தையே தவிர்த்து "தரவுப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர்" என்பது போல வேறு பெயர் வையுங்கள். கட்டாயம் இல்லாமல் விரும்பி நியமித்தாலும் அந்தப் பட்டத்தைக் கொடுத்துவிட்டால் 37 முதல் 39 வரை முழுக்கப் பொருந்தும் என்பதுதான் ஐரோப்பிய வழிகாட்டுதலின் நிலை. பெயருக்கு ஒரு டிபிஓ என்று வைத்துக்கொண்டு மாட்டிக்கொள்ளும் நிறுவனங்கள் நிறைய.

இனி முரண்பாடு. 38(6) மற்ற வேலைகளுக்குத் தடை போடவில்லை, நலன் முரண்படக் கூடாது என்கிறது. ஐரோப்பிய நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் எக்ஸ்-ஃபாப் டிரெஸ்டன் வழக்கில் கொடுத்த அளவுகோல் எளிது: தரவை எதற்காக, எப்படிக் கையாள்வது என்று நீங்களே தீர்மானிக்கும் வேலை உங்களிடம் இருந்தால் அதையே நீங்கள் மேற்பார்வை பார்க்க முடியாது. பெல்ஜியத்தில் 2020இல் ஒரு நிறுவனத்துக்கு 50,000 யூரோ அபராதம் விழுந்தது. அங்கே டிபிஓவே இணக்கம், இடர், தணிக்கை மூன்றுக்கும் தலைவர். பெர்லினில் 2022இல் இதே காரணத்துக்கு 5,25,000 யூரோ.

அதை உங்களுக்குப் பொருத்திப் பாருங்கள். சாதாரண வழக்கு நடத்துவதால் மட்டும் முரண்பாடு வந்துவிடாது. ஆனால் உங்கள் சொந்த ஃபைல் தொடர்பாகத் தரவு கேட்கும் மனுவோ கசிவோ வந்தால் நீங்கள் விலகி, துணை டிபிஓ பார்க்க வேண்டும். அந்தத் துணை யார் என்று இப்போதே பெயர் குறியுங்கள். தரவுப் பாதுகாப்பு விவகாரம் ஒன்றில் நிறுவனத்துக்காக நீங்களே நீதிமன்றத்தில் வாதாடக் கூடாது. பணமோசடித் தடுப்பு அலுவலர் பதவியை வேண்டாம் என்று சொல்லுங்கள். யாருடைய அடையாளத்தை எவ்வளவு தோண்டுவது, எங்கே சேமிப்பது என்று முடிவெடுக்கும் நாற்காலி அது. ஐடி தலைமை, மனிதவளத் தலைமை, நிர்வாக பார்ட்னர் பதவிகளுக்கும் இதே பதில்தான்.

நியமனக் கடிதத்தில் எழுதி வாங்க வேண்டியது: நிர்வாகக் குழுவுக்கே நேரடியாக அறிக்கை தருவீர்கள் என்பது, கடமையைச் செய்ததற்காக நீக்கமோ தண்டனையோ இல்லை என்பது, எந்த ஃபைலையும் பார்க்கும் உரிமை, தனி பட்ஜெட், வெளி ஆலோசகரைக் கேட்கும் உரிமை. எல்லாவற்றையும்விட முக்கியமாக, பில் செய்ய வேண்டிய மணி நேர இலக்கில் எத்தனை மணி நேரம் குறைக்கப்படுகிறது என்ற எண். இந்த எண் இல்லாத நியமனக் கடிதம் வெறும் காகிதம். வருட இலக்கு அப்படியே இருந்தால், மாதக் கடைசியில் முதலில் தள்ளிப்போவது டிபிஓ வேலைதான். சட்டம் 38(2)இல் "தேவையான வளம்" என்று சொல்வது நேரத்தையும் சேர்த்துத்தான்.

அப்புறம், நிறுவனம் சட்டத்தைப் பின்பற்றுவதற்குப் பொறுப்பு நீங்கள் அல்ல. பொறுப்பு நிறுவனத்துடையது. நீங்கள் ஆலோசனை சொல்வீர்கள், கண்காணிப்பீர்கள். உங்கள் ஆலோசனையை பார்ட்னர் ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்று எழுத்தில் வாங்கிக் கோப்பில் போடுங்கள்.

மைக்கூடு

உள்வாசல் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், வக்கீல்கள் அடிக்கடி ஏமாறும் இடம் என்பதால். டிபிஓ என்ற முறையில் நீங்கள் எழுதும் குறிப்புகளுக்கு, வக்கீல் எழுதியது என்பதற்காகவே பிரிவிலேஜ் (வக்கீலின் சட்ட ஆலோசனையை வெளியே காட்ட வேண்டாம் என்ற பாதுகாப்பு) வந்துவிடும் என்று நம்பாதீர்கள். தரவுப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசுக் கண்காணிப்பு அமைப்பு கேட்டால் காட்ட வேண்டிய ஆவணம் என்று நினைத்தே எழுதுங்கள். நிறுவனத்துக்குத் தன் தற்காப்பு பற்றிச் சட்ட ஆலோசனை வேண்டும் என்றால் அதை வேறொரு வக்கீல், வேறொரு ஃபைலில் தரட்டும். இரண்டையும் ஒரே மெயிலில் கலந்தால் அது எந்த வகை என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

சல்லடை

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சட்ட நிறுவன டிபிஓவுக்கும் மற்ற கம்பெனி டிபிஓவுக்கும் உள்ள பெரிய வித்தியாசமே இதில்தான். உங்கள் ஃபைல்களில் கிடக்கும் தரவில் பெரும்பகுதி உங்களோடு எந்த உறவும் இல்லாத ஆட்களுடையது: எதிரி, சாட்சி, எதிரியின் மனைவி, சம்பவத்தன்று அங்கே நின்றவர்.

வழக்கு நடத்தும்போது நிறுவனம் பெரும்பாலும் கன்ட்ரோலர்தான் (தரவை எதற்கு, எப்படி என்று தீர்மானிப்பவர்), கட்சிக்காரரின் பிராசசர் (அவர் சொன்னபடி கையாள்பவர்) அல்ல. எந்தத் தகவலை எப்படிப் பயன்படுத்துவது என்று தொழில்முறைச் சுதந்திரத்தோடு முடிவெடுப்பது நீங்கள். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு வாரியத்தின் 07/2020 வழிகாட்டுதல் சட்ட நிறுவனத்தையே இதற்கு உதாரணம் காட்டுகிறது. ஆகவே "எங்கள் கட்சிக்காரரிடம் கேளுங்கள்" என்று மனுவைத் தள்ளிவிட முடியாது. எதிர்த்தரப்பு ஆட்களுக்கு "உங்கள் தரவு எங்களிடம் இருக்கிறது" என்று நாமாகப் போய் அறிவிக்க வேண்டியதில்லை, தொழில் இரகசியக் கடமை இருந்தால் 14(5)(d) அதற்கு விலக்கு தருகிறது. அவர் கேட்டு வந்துவிட்டால், தன் தரவைப் பார்க்கும் உரிமை தரும் 15ஆம் பிரிவின்படி பதில் தந்தே ஆக வேண்டும்.

"வழக்குக்காகத்தான் கேட்கிறார், தரவுப் பாதுகாப்பு அக்கறையில் அல்ல" என்ற காரணமும் எடுபடாது. ஐரோப்பிய நீதிமன்றம் 2023 அக்டோபர் 26 அன்று, பல் மருத்துவர் ஒருவர் மீது வழக்குப் போடுவதற்காக நோயாளி தன் மருத்துவப் பதிவைக் கேட்ட வழக்கில், காரணம் சொல்ல வேண்டியதே இல்லை, முதல் பிரதி இலவசம் என்று தீர்ப்பளித்தது. இங்கிலாந்தில் டாசன்-டேமர் வழக்கு சட்ட நிறுவனம் ஒன்றையே எதிர்த்து நடந்தது. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், உள்நோக்கம் ஒரு தடையல்ல, பிரிவிலேஜ் இருக்கும் என்று பொதுவாகச் சொல்லித் தேடாமலே இருந்துவிடவும் முடியாது என்றது. அதே வழக்கு 2020இல் மறுபடி வந்தபோது, அந்தப் பழைய காகித ஃபைல்கள் ஆள்வாரியாகத் தேடி எடுக்கும்படி அடுக்கப்படாததால் சட்டத்துக்குள் வராது என்று முடிந்தது. ஆக, காகித ஃபைல் வருமா வராதா என்பது அது எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

வேலையின் வரிசை இது. மனு வந்த நாளைப் பதிவேட்டில் எழுதுங்கள். கெடு ஒரு மாதம், அதாவது அடுத்த மாதம் அதே தேதி. ஜனவரி 31இல் வந்தால் பிப்ரவரி கடைசி நாள். சிக்கலான மனு என்றால் இன்னும் இரண்டு மாதம் நீட்டலாம், ஆனால் நீட்டுகிறோம் என்பதை முதல் மாதத்துக்குள்ளேயே காரணத்தோடு சொல்லிவிட வேண்டும். 29ஆம் நாள் உட்கார்ந்து எழுதும் நீட்டிப்புக் கடிதம் பார்த்தவுடனே தெரிந்துவிடும். அவருடைய வக்கீல் வழியாக வந்தால் அதிகாரக் கடிதம் கேளுங்கள். இரண்டு வருடமாக எதிரில் நிற்கும் ஆளிடம் போய் பாஸ்போர்ட் நகல் கேட்காதீர்கள். சந்தேகம் நியாயமாக இருந்தால்தான் கூடுதல் அடையாளம்.

தேடுசொற்கள்: முழுப்பெயர், முதலெழுத்துகள், மெயில் முகவரி, எழுத்துப்பிழை வடிவங்கள், உள்ளே வைத்துக் கூப்பிடும் செல்லப்பெயர். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். குழுவில் எல்லோரும் அவரை "அந்தக் குடைச்சல்" என்று எழுதிக்கொண்டிருந்தால் அதுவும் அவருடைய தரவுதான், அதுவும் வெளியே போகலாம்.

ஓர் உதாரணக் கணக்கு. தேடலில் 9,000 மெயில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே சங்கிலியின் மறுபிரதிகளைக் கழித்தால் 3,500. அதில் அவர் பெயர் வெறும் "நகல்" வரியில் மட்டும் இருப்பவற்றை ஒதுக்கினால் 2,200. ஆளால் ஒரு மணி நேரத்தில் 40, 50 ஆவணம்தான் பார்க்க முடியும். 2,200க்கு ஏறக்குறைய 50 மணி நேரம். இந்தக் கணக்கை முதல் வாரத்திலேயே பார்ட்னரிடம் காட்டினால்தான் ஜூனியர்களை ஒதுக்குவார்.

ஒவ்வொரு ஆவணத்துக்கும் நான்கு கேள்வி. இது உண்மையில் அவரைப் பற்றியதா? பிரிவிலேஜ் உள்ளதா, இருந்தால் எந்த நாட்டுச் சட்டப்படி? மூன்றாம் ஆள் பாதிக்கப்படுவாரா? பணமோசடிச் சந்தேக அறிக்கை எதையாவது காட்டிக்கொடுக்கிறதா? நான்காவதை மறந்தால் அது வெறும் ஜிடிபிஆர் தவறல்ல, பல நாடுகளில் குற்றமே ஆகிவிடும். அதனால் பதில் அனுப்பும் முன் பணமோசடித் தடுப்பு அலுவலரிடம் "இந்தப் பெயரில் ஏதாவது உண்டா" என்று ஒரு வரி கேளுங்கள். மறைத்த பகுதி பற்றியும் பதிலில் "அறிக்கை இருப்பதால் மறைக்கிறோம்" என்று எழுதிவிடாதீர்கள்.

கொடுக்க வேண்டியது தரவின் பிரதி, ஆவணக் கட்டு முழுதும் அல்ல. ஆனால் சூழல் இல்லாமல் தரவு புரியாது என்றால் அந்தப் பகுதியையாவது தர வேண்டும் என்பது 2023 மே மாதத் தீர்ப்பு. பிரிவிலேஜ் உள்ள ஆவணத்தில் அவருடைய பெயரை மட்டும் உருவி எடுத்துக் கொடுக்கும் விளையாட்டு வேண்டாம், அந்த ஆவணத்தை முழுதாக ஒதுக்குங்கள். பதிலில் என்ன தேடினீர்கள், எந்த வகையை எந்த விலக்கின் கீழ் நிறுத்திவைத்தீர்கள், புகார் எங்கே செய்யலாம் என்று எழுதுங்கள்.

கட்சிக்காரர் "ஒன்றும் கொடுக்காதே" என்பார். அவருக்குத் தகவல் சொல்லலாம், பிரிவிலேஜ் பற்றிக் கேட்கலாம். முடிவு நிறுவனத்துடையது. இந்த வரியைக் கட்சிக்காரரோடு போடும் ஒப்பந்தக் கடிதத்திலேயே முன்கூட்டிச் சேர்த்துவிட்டால் அந்த நாளில் சண்டை வராது.

நீலமசி

மிக்க நன்றி. ஒரு துணைக்கேள்வி: கறுப்புப் பட்டை போட்டு மறைப்பதை எங்கள் உதவியாளர்கள் வேர்டில்தான் செய்கிறார்கள். போதுமா?

சல்லடை

போதாது. அது மேலே ஒட்டிய காகிதம் மாதிரி, எழுத்து அடியில் அப்படியே இருக்கும். மறைப்பதற்கென்றே உள்ள கருவியில் செய்து, மறைப்பை நிரந்தரமாக்கி, புதிய பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். அனுப்பும் முன் ஒரு சோதனை, அரை நிமிடம் ஆகும்: பிடிஎஃப்பைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டுங்கள். மறைத்த பெயர் அங்கே எட்டிப்பார்த்தால் தோல்வி. எக்செல் கோப்பை அப்படியே அனுப்பவே அனுப்பாதீர்கள். மறைத்த நெடுவரிசை, மறைத்த தாள், பிவட் அட்டவணையின் உள்ளே தங்கிய மூலத்தரவு மூன்றும் கூடவே போகும். வேர்டு கோப்பில் மாற்றத் தடங்களும் ஓரக் குறிப்புகளும். கோப்பின் பெயரையும் பாருங்கள், உள்ளே மறைத்துவிட்டு வெளியே சாட்சியின் பெயரிலேயே கோப்பைச் சேமித்து அனுப்புவதும் நடக்கிற விஷயம்தான்.

எழுபத்திரண்டு

மூன்றாவது கேள்வி என் பங்கு, பெயரே சொல்லும்.

எல்லாவற்றையும் அறிவிக்க வேண்டாம், எல்லாவற்றையும் பதிய வேண்டும். 33(5)இன்படி ஒவ்வொரு கசிவும் உள்பதிவேட்டில் ஏற வேண்டும்: என்ன நடந்தது, விளைவு என்ன, என்ன செய்தீர்கள். ஆட்களின் உரிமைக்கு ஆபத்து நேர வாய்ப்பில்லை என்றால் அறிவிப்பு வேண்டாம். ஆபத்து என்றால் கண்காணிப்பு அமைப்புக்கு 72 மணி நேரத்துக்குள், அதிக ஆபத்து என்றால் சம்பந்தப்பட்டவருக்கும் தாமதமின்றி. அறிவிக்காமல் விட்டால் ஏன் விட்டோம் என்ற நான்கு வரிதான் பின்னால் காப்பாற்றும். 60 வக்கீல் உள்ள இடத்தில் வருடம் முழுக்கப் பதிவேடு காலியாக இருந்தால் கசிவு இல்லை என்று அர்த்தமில்லை, யாரும் சொல்லவில்லை என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை மாலை 5.40க்கு ஜூனியர் ஒருவர் மருத்துவ அறிக்கையோடு மெயில் அனுப்புகிறார். முகவரிப் பெட்டி முதல் மூன்று எழுத்தைப் பார்த்துப் பழைய முகவரி ஒன்றை நிரப்பிவிட்டது. 6.10க்குக் கவனிக்கிறார். திங்கள் காலை டிபிஓவிடம் சொல்லலாம் என்று வீட்டுக்குப் போய்விடுகிறார். கடிகாரம் திங்கள் காலை தொடங்கவில்லை, வெள்ளி 6.10க்கே தொடங்கிவிட்டது என்று வைத்துத்தான் நீங்கள் வேலை செய்ய வேண்டும். சனி ஞாயிறும் சேர்த்து ஓடி திங்கள் மாலை 6.10க்கு முடிகிறது. காலை 10 மணிக்கு உங்கள் காதுக்கு வரும்போது மிச்சம் எட்டு மணி நேரம் பத்து நிமிடம்.

அதற்காகத்தான் உள் விதி "உடனே, எந்த நேரமானாலும், திட்டு கிடையாது" என்று இருக்க வேண்டும். ஒரே தொலைபேசி எண், ஒரே மெயில் பெட்டி, இரண்டு பேர் பார்ப்பது. முதல் மணி நேரத்தில் செய்ய வேண்டியவை: பெற்றவரைத் தொலைபேசியில் அழைத்துத் திறக்காமல் அழிக்கச் சொல்வது, அழித்ததையும் யாருக்கும் அனுப்பவில்லை என்பதையும் எழுத்தில் வாங்குவது, இணைப்பு பகிர்வுச் சுட்டியாக இருந்தால் அனுமதியை ரத்து செய்து யார் திறந்தார் என்ற பதிவை எடுப்பது. "ரீகால்" பொத்தானை நம்பாதீர்கள், வெளி நிறுவனத்தின் பெட்டிக்குப் போன மெயிலை அது திரும்பக் கொண்டுவராது. "உங்களுக்கு வந்த மெயிலைத் திரும்பப் பெற விரும்புகிறார்" என்ற இன்னொரு மெயில் போய், திறக்காதவரையும் திறக்க வைக்கும்.

பெற்றவர் யார் என்பதில் சட்ட நிறுவனத்துக்கே உரிய ஒரு விசித்திரம் உண்டு. மெயில் எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் போயிருந்தால், தரவுப் பாதுகாப்புப் பார்வையில் அவர் தொழில் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டவர், ஆபத்து குறைவு என்று வாதிக்கலாம். கட்சிக்காரரின் பிரிவிலேஜ் பார்வையில் அதைவிட மோசமான முகவரி கிடையாது. ஒரே மெயில், இரண்டு வேறு அளவுகோல். இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள், ஒன்றின் பதிலை மற்றொன்றுக்குப் போடாதீர்கள்.

72 மணி நேரத்துக்குள் முழு விவரமும் தெரியாவிட்டாலும் தெரிந்ததை அனுப்பிவிட்டு மீதியைப் பின்னர் தரலாம், 33(4) அனுமதிக்கிறது. காத்திருந்து முழுமையாக அனுப்புவது கெட்டிக்காரத்தனம் அல்ல.

கசிவு என்றால் வெளியே போனது மட்டும் என்று நினைக்கவும் வேண்டாம். கிடைக்காமல் போவதும் கசிவுதான். பிரிட்டனில் 2025 ஏப்ரலில் சட்ட நிறுவனம் ஒன்றுக்கு 60,000 பவுண்டு அபராதம். தாக்குதலில் தரவு எட்டாமல் போனது கசிவாகாது என்று அவர்கள் நினைத்ததால் 43 நாள் கழித்தே அறிவித்தார்கள். 32 ஜிபி ஏற்கெனவே வெளியே போய் டார்க் வெப்பில் கிடந்தது. வழி, இரண்டடுக்குச் சரிபார்ப்பு இல்லாத ஒரு நிர்வாகிக் கணக்கு. 2022இல் இன்னொரு சட்ட நிறுவனத்துக்கு 98,000 பவுண்டு. ரான்சம்வேர் தாக்கி நீதிமன்ற ஆவணக் கட்டுகள் வெளியே வந்தன. அங்கேயும் தொலைவிலிருந்து உள்ளே வர இரண்டடுக்குச் சரிபார்ப்பு இல்லை, மென்பொருள் ஓட்டை அடைக்கும் பேட்ச் வெளிவந்து ஐந்து மாதம் கழித்தே போடப்பட்டது, ஆவணக் காப்பகம் மறையாக்கம் செய்யப்படவில்லை. முதல் வாரத்தில் ஐடி ஆட்களிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்வியும் இதிலேயே இருக்கின்றன. "உண்டு" என்ற வாய்மொழிப் பதில் வேண்டாம், இரண்டடுக்குச் சரிபார்ப்பு இல்லாத கணக்குகளின் பட்டியலைக் கேளுங்கள்.

மெயில் தவறுகளைக் குறைக்க மலிவான வழி: வெளியே போகும் மெயில்களை இரண்டு நிமிடம் பிடித்துவைக்கும் விதி, வெளி முகவரி சேர்ந்தால் எச்சரிக்கைப் பட்டை, ஃபைல் முடிந்தவுடன் தானாக நிரப்பும் முகவரிகளை அழிப்பது. எச்சரிக்கைப் பட்டையை எல்லா மெயிலுக்கும் காட்டினால் ஒரு வாரத்தில் யார் கண்ணுக்கும் படாது. புதிய முகவரிக்கு மட்டும் காட்டட்டும்.

இன்னொன்று. பெரிய கட்சிக்காரர்கள் தங்கள் ஒப்பந்தத்தில் "24 மணி நேரத்தில் எங்களுக்குச் சொல்" என்று போட்டிருப்பார்கள், பார்ட்னர் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருப்பார். எந்தக் கட்சிக்காரருக்கு எத்தனை மணி நேரம், யாருக்கு மெயில் என்று ஒரு பக்க அட்டவணை இப்போதே போட்டு வையுங்கள். சர்வர் பூட்டிக்கிடக்கும் நாளில் தேவைப்படும் என்பதால் அச்செடுத்தும் வையுங்கள்.

மைக்கூடு

நான்காவது கேள்வியை யாரும் தொடவில்லை. ஒரே எண்ணாகப் பதில் கிடையாது. ஃபைலின் வகைப்படி பிரியுங்கள்: கடிகாரம் எப்போது தொடங்குகிறது, எந்தச் சட்டக் காரணம், எத்தனை வருடம், யார் அழிக்க ஒப்புதல் தருவது.

கட்சிக்காரர் பின்னாளில் உங்கள் மீதே வழக்குப் போடலாம் என்பதுதான் ஃபைலை வைத்திருக்க உள்ள முதன்மைக் காரணம். அதனால் வழக்குப் போடும் கெடுவைச் சொல்லும் காலாவதிச் சட்டத்தை ஒட்டியே காலம் வரும். இங்கிலாந்துச் சட்டத்தில் சாதாரண ஒப்பந்தத்துக்கு 6 வருடம், "டீட்" எனப்படும் முறையான பத்திரத்துக்கு 12. அடையாளச் சரிபார்ப்பு ஆவணங்களுக்கு ஐரோப்பியப் பணமோசடித் தடுப்பு விதிகளின்படி உறவு முடிந்தபின் 5 வருடம். அதாவது பாஸ்போர்ட் நகலுக்கும் வழக்கு ஃபைலுக்கும் வேறு வேறு கெடு. பாஸ்போர்ட் நகலை ஃபைலுக்குள்ளேயே ஸ்கேன் செய்து போட்டிருந்தால் தனியாக அழிக்க முடியாது. இனி தனிக் கோப்புறையில் போடச் சொல்லுங்கள். மூல உயில், பத்திரங்கள் ஃபைல் அல்ல, இன்னொருவரின் சொத்து. எந்தக் கெடுவும் அவற்றைத் தொடக் கூடாது.

வழக்கமாகச் சறுக்கும் இடம் தொடக்கத் தேதி. "ஃபைல் மூடிய தேதியிலிருந்து" என்று கொள்கையில் எழுதியிருக்கும், ஃபைலை யாரும் மூடியிருக்க மாட்டார்கள். கடைசி பில் போய் பணம் வந்ததும் கணக்குப் பிரிவு மூடல் படிவம் அனுப்பும்படி வையுங்கள். ஆறு மாதம் நேரப் பதிவே இல்லாத ஃபைல்களின் பட்டியல் மாதாமாதம் பார்ட்னர்களுக்குப் போகட்டும். இரண்டாவது சறுக்கல், ஆவண மேலாண்மை அமைப்பில் அழித்துவிட்டு வக்கீல்களின் மெயில் பெட்டியிலும் மடிக்கணினியிலும் வெளிக் கிடங்கிலும் அப்படியே விட்டுவிடுவது. அழிக்கும் முன் மூன்று சோதனை: புகாரோ வழக்கோ நிலுவையில் உண்டா, மூல ஆவணம் உள்ளே உண்டா, கட்சிக்காரர் ஒப்பந்தத்தில் வேறு காலம் உண்டா. நலன் மோதல் பார்க்கும் பெயர்ப் பட்டியலை மட்டும் நீண்டகாலம் வைக்கலாம். அதில் பெயர், எதிர்த்தரப்பு, ஃபைல் எண், தேதி போதும். விவரக் குறிப்பு எழுதும் கட்டம் இருந்தால் எடுத்துவிடுங்கள், அதில்தான் தேவையில்லாததெல்லாம் வந்து உட்காரும்.

உள்வாசல்

நீலமசி, முதல் மாதத்தில் நான்கையும் ஒன்றாகத் தூக்காதீர்கள். கசிவுக்கான எண்ணும் பெட்டியும் முதல் நாளே. பிறகு 30ஆம் பிரிவுப் பதிவேடு, அதாவது எந்தத் தரவை எதற்காகக் கையாள்கிறோம் என்ற பட்டியல். ஊழியர் 250 பேருக்குக் குறைவு என்ற விலக்கு உங்களுக்கு உதவாது, வழக்குத் தரவு "எப்போதாவது" வருவதல்ல. ஐடி அறையிலிருந்து தொடங்காமல் கணக்குப் பிரிவிலிருந்து தொடங்குங்கள். யாருக்கெல்லாம் பணம் போகிறது என்ற பட்டியலைக் கேட்டால் மொழிபெயர்ப்பாளர், தட்டச்சு சேவை, ஆவணப் பரிசீலனைத் தளம், காகிதக் கிடங்கு, துண்டாக்கும் கம்பெனி எல்லாம் வரிசையாக வரும். யார் பிராசசர், யாரோடு 28ஆம் பிரிவு கேட்கும் பிராசசர் ஒப்பந்தம் இல்லை என்று அப்போதே தெரிந்துவிடும். நிபுணர் சாட்சியைப் பெரும்பாலும் தனிக் கன்ட்ரோலராகவே பார்க்க வேண்டியிருக்கும், அவரிடம் பிராசசர் ஒப்பந்தத்தை நீட்டாதீர்கள்.

அந்தப் பட்டியலில் வராதது இலவசச் சேவைகள். ஜூனியர்கள் வாக்குமூலத்தை ஒட்டிச் சுருக்கம் கேட்கும் ஏஐ தளம், பெரிய கோப்பு அனுப்பும் இணையதளம், தனிப்பட்ட வாட்ஸ்அப். அதற்கு வெளியே போகும் இணையப் போக்குவரத்துப் பதிவில் அதிகம் திறந்த 50 தளங்களின் பட்டியலை, ஆள் பெயர் இல்லாமல், ஐடியிடம் வாங்குங்கள். ஆள் பெயரோடு வாங்கினால் ஊழியர் கண்காணிப்பாகிவிடும், நீங்களே உங்களுக்கு 35ஆம் பிரிவின் ஆபத்து மதிப்பீடு எழுத வேண்டிவரும்.